ஷாப்பரல் 2எஃப்: 1967-ல் எட்டுப் பந்தயம், ஒரே வெற்றி. கியர்பாக்ஸ் மட்டும்தான் காரணமா?

அச்சாணி எழுதியது:

வணக்கம். 1/24 அளவில் ஷாப்பரல் 2எஃப் என்ற அமெரிக்கப் பந்தயக் காரின் மாடல் கட்டத் தொடங்கியிருக்கிறேன். 1967 ஜூலை 30 அன்று பிராண்ட்ஸ் ஹாட்ச் பிஓஏசி 500 பந்தயத்தில் பில் ஹில்லும் மைக் ஸ்பென்ஸும் ஜெயித்த காரைத்தான் செய்ய உத்தேசம்.

எங்கே படித்தாலும் "வேகமான கார், ஆனால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் காலை வாரிவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது எனக்கு இடிக்கிறது. 1965-ல் ஷாப்பரல் 2ஏ செப்ரிங் 12 மணி நேரத்தை ஜெயித்தது, 1966-ல் 2டி நூர்பர்க்ரிங் 1000 கிலோமீட்டரை ஜெயித்தது. இரண்டும் ஆட்டோமேட்டிக்தான். அங்கே தாங்கியது 2எஃப்-ல் ஏன் தாங்கவில்லை? 1967-ல் ஒவ்வொரு பந்தயத்திலும் கார் எதனால் நின்றது என்று வரிசையாகத் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

மாடலுக்காக இன்னொன்று: விங்கை (பின்னால் உயரத்தில் நிற்கும் காற்றுப் பலகை) எந்தக் கோணத்தில் வைப்பது? சில படங்களில் படுத்திருக்கிறது, சிலவற்றில் முன்விளிம்பு கீழே இறங்கி நிற்கிறது.

---

பின்சக்கரம் எழுதியது:

முதலில் வரிசை. 1967-ல் அவர்கள் போன பந்தயங்கள் எட்டு.

டேடோனா 24 மணி: ஹில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது வளைவில் வழுக்கிச் சுவரில் இடித்தார். இதில் கியர்பாக்ஸுக்கு எந்தப் பங்கும் இல்லை.

செப்ரிங் 12 மணி, ஏப்ரல் 1: ஸ்பென்ஸ், ஷாப்பரல் அணியை நடத்திய ஜிம் ஹால் ஜோடி. மெக்லாரனும் மரியோ ஆண்ட்ரெட்டியும் ஓட்டிய புது ஃபோர்ட் மார்க் 4-ஐ இந்தக் கார் ஒன்றுதான் வேகத்தில் நெருக்கியது. அதிவேக லேப்பும் ஸ்பென்ஸ் போட்டதுதான். என்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்தும் டிரான்ஸ்மிஷன் போய் நின்றது.

மோன்ஸா 1000 கிமீ: முதல் இடத்தில் கிளம்பியது. பின்சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் இணைப்பு போனது. அந்தக் காலத்தில் அங்கே சாய்வுப் பாதையும் சேர்த்துத்தான் ஓடுவார்கள். சாய்வில் கார் கீழே அழுந்தும், குண்டும் குழியுமான கான்கிரீட்டில் சக்கரம் மேலும் கீழும் துள்ளும். ஷாஃப்ட் இணைப்பு தன் கோண எல்லையின் விளிம்பில் நின்றுகொண்டு முழு டார்க்கையும் (என்ஜினின் திருப்புவிசை) கடத்த வேண்டும். உடைய அதைவிடத் தோதான இடம் கிடையாது.

ஸ்பா 1000 கிமீ: இங்கேயும் கார் முதல் இடத்தில் கிளம்பியது. டிரான்ஸ்மிஷன்.

டார்கா ஃப்ளோரியோ: ஹில், ஹாப் ஷார்ப். டயர் பஞ்சர். சிசிலி மலைப்பாதையில் 7 லிட்டர் காரை அவ்வளவு தூரம் முன்னால் வைத்திருந்ததே பெரிய விஷயம்.

நூர்பர்க்ரிங் 1000 கிமீ: அதிவேக லேப் ஹில் கணக்கில். டிரான்ஸ்மிஷன்.

லெ மான் 24 மணி: கிளம்பும் வரிசையில் இரண்டாவது. இரண்டு கார்கள் போயின. ஒன்று மின்சாரக் கோளாறில் நின்றது. ஹில், ஸ்பென்ஸ் கார் டிரான்ஸ்மிஷன் ஆயில் சீல் போய் பிட்டில் மணிக்கணக்கில் கிடந்து, பிறகு முடிக்காமலே வெளியேறியது.

பிராண்ட்ஸ் ஹாட்ச்: வெற்றி.

அதாவது தோற்ற ஏழில் டேடோனாவும் டார்காவும் கியர்பாக்ஸ் கணக்கில் வராது. மோன்ஸா ஷாஃப்ட் கணக்கு. மீதி நான்குதான் உண்மையில் டிரான்ஸ்மிஷன். "எல்லாவற்றுக்கும் கியர்பாக்ஸ்தான் காரணம்" என்று எழுதுகிறவர்கள் முடிவுப் பட்டியலின் கடைசி வரியை மட்டும் பார்த்து எழுதுகிறார்கள்.

ஆனால் அந்த நான்கு சும்மா வந்தவை இல்லை. 2ஏ, 2டி கார்களில் இருந்தது ஷெவர்லேயின் 327 கன அங்குல அலுமினிய வி8, சுமார் 5.4 லிட்டர். 2எஃப்-ல் போட்டது 427 கன அங்குலம், அதாவது 7 லிட்டர், சுமார் 525 குதிரைத்திறன். என்ஜின் வளர்ந்தது. சின்ன என்ஜினைக் கணக்கில் வைத்துப் பிறந்த டிரான்ஸ்மிஷன் அதே அளவுக்கு வளரவில்லை. 2டி-யை 2எஃப் ஆக்கியபோது விங், பக்கவாட்டு ரேடியேட்டர், புது உடல் என்று கண்ணுக்குத் தெரியும் மாற்றங்களை எல்லாரும் பேசுகிறார்கள். ஒன்றரை லிட்டருக்கு மேல் கூடிய அந்த வித்தியாசத்தை யாரும் பேசுவதில்லை. உங்கள் "அங்கே தாங்கியது இங்கே ஏன் தாங்கவில்லை"க்குப் பதில் அதுதான்.

---

டாக்_கியர் எழுதியது:

பின்சக்கரம் அண்ணா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் "ஆட்டோமேட்டிக்" என்ற பெயரைக் கேட்டதும் ரோட்டுக் காரின் கியர்பாக்ஸ் நினைவுக்கு வருகிறதே, அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஷாப்பரலில் தானாக மாறும் கியர் எதுவும் கிடையாது. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் டார்க் கன்வர்ட்டர். அதற்குப் பின்னால் சாதாரணப் பற்சக்கர கியர்பாக்ஸ், டாக் வகை இணைப்பு (பக்கவாட்டுப் பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வது). கியரைக் கையால்தான் போட வேண்டும். கிளட்ச் பெடல் இல்லாததால் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை ஒரு கணம் விட்டு, சுமை இறங்கியதும் லீவரைத் தள்ளி, வேகம் பொருந்தியதும் மறுபடி மிதிக்க வேண்டும். இதை அவசரத்தில் செய்தால் டாக் பற்களின் முனை மழுங்கும். மழுங்கிய பல் சுமை ஏறும்போது நழுவி வெளியே வரும், அப்போது உடைந்த துணுக்கு எண்ணெயில் கலந்து மற்ற இடங்களையும் அரிக்கும். 2எஃப் காலத்துக்கு மூன்று கியர். முன்பு அதைவிடக் குறைவு. இந்த அமைப்பின் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பிரிவின் கை இருந்தது. 1963-ல் "நாங்கள் பந்தயத்தில் இல்லை" என்று அறிவித்துவிட்டதால் அந்தக் கம்பெனி டெக்சாஸ் மாநில மிட்லண்டில் ஜிம் ஹாலின் கொட்டகை வழியாகத்தான் வேலை பார்த்தது.

ஏன் கன்வர்ட்டர்? மூன்று லாபம். கிளட்ச் தேய்மானம் இல்லை. வளைவிலிருந்து வெளியே வரும்போது என்ஜின் இழுவை திடீரென்று சக்கரத்தில் மோதாமல் மெத்தென்று ஏறும், அதனால் டயர் சுழன்று வீணாகாது. செப்ரிங் 1965-ல் மாலை கொட்டிய மழையில் பாதை முழுக்கத் தண்ணீர் நின்றதே, அப்படிப்பட்ட நேரத்தில் இந்த மென்மைக்கு விலையே இல்லை. மூன்றாவது, இடது கால் சும்மா இருக்கிறது. அதைப் பிரேக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி நஷ்டம். கன்வர்ட்டர் எண்ணெய் வழியாகத்தான் சக்தியைக் கடத்தும். கொஞ்சம் நழுவல் இல்லாமல் அது வேலை செய்யாது. நேர்ப்பாதையில் முழு வேகத்தில் நழுவல் வெறும் 4 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 525-ல் 4 சதவீதம் 21 குதிரைத்திறன், ஏறக்குறைய 15 கிலோவாட்டுக்கும் மேல். அவ்வளவும் வெப்பமாக அந்த எண்ணெயில்தான் இறங்கும். வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் ஏழெட்டை ஒன்றாகப் போட்டு, இரவு முழுக்க அணைக்காமல் விட்டதற்குச் சமம். வளைவிலிருந்து கிளம்பும்போது நழுவல் இன்னும் அதிகம்.

வெப்பம் ஏறினால் முதலில் சாவது ரப்பர் சீல். கெட்டியாகும், உதடு விறைக்கும், சுழலும் ஷாஃப்ட்டை ஒட்டிப் பிடிக்காது. எண்ணெய் கசியும். எண்ணெய் குறைந்தால் மீதி இருப்பது இன்னும் சூடாகும், கன்வர்ட்டருக்குள் காற்று கலக்கும், நழுவல் கூடும், வெப்பம் மறுபடி ஏறும். ஒன்றை ஒன்று துரத்தும் சுற்று இது. லெ மானில் சீல் போனது என்று படித்துவிட்டு "ஒரு சின்ன சீலால் போச்சே" என்று வருத்தப்படுகிறார்கள். சீல் நோய் இல்லை, அறிகுறி. அதுவும் சீல் இருப்பது உள்ளே. அதைத் தொட டிரான்ஸ்மிஷனையே இறக்க வேண்டும். பந்தயத்துக்கு நடுவே அந்த வேலையைச் செய்தார்கள் என்பதே ஆச்சரியம்.

இன்னொன்று: வேகம் குறைந்த நிலையிலிருந்து கிளம்பும்போது கன்வர்ட்டர் டார்க்கைப் பெருக்கும். 7 லிட்டர் என்ஜின் கொடுப்பதே அதிகம். பெருக்கிய பிறகு கியர் பற்களுக்கும் ஷாஃப்ட்டுக்கும் போய்ச் சேருவது அதைவிட அதிகம். மோன்ஸாவை அண்ணா தனிக் கணக்கில் வைத்தார். நான் பாதியை இந்தப் பக்கம் இழுப்பேன்.

---

மழைடயர் எழுதியது:

1966 நூர்பர்க்ரிங் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அச்சாணி அதை ஆதாரமாகக் காட்டியிருக்கிறார். ஜூன் 5, 44 சுற்று, ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர். ஹில், யோ பொன்னியே. கடைசியில் மழை வந்தது. சர்டீஸின் ஃபெராரி பி3 பின்பக்க சஸ்பென்ஷன் தொல்லையில் பின்தங்கியது. இரண்டாவது வந்தது ஒரு குட்டி 2 லிட்டர் ஃபெராரி டினோ, ஒரு நிமிடத்துக்கும் குறைந்த இடைவெளியில்.

ஓட்டம் முடிய ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிராண்ட்ஸ் ஹாட்ச் ஆறு மணி நேரம். செப்ரிங் 1965 மட்டும் 12 மணி, அதில் மாலையில் ஒரு பகுதி மழையில் ஊர்ந்து போனது, அதனால் டிரான்ஸ்மிஷனுக்கு ஓய்வு மாதிரி. 24 மணிப் பந்தயம் என்று எடுத்துக்கொண்டால் 1966-லும் சரி, 1967-லும் சரி, டேடோனாவிலும் லெ மானிலும் ஒன்றைக்கூட ஷாப்பரல் முடித்ததில்லை. 1966 லெ மானில் 2டி-யை நிறுத்தியது பேட்டரி, ஆல்டர்னேட்டர் பக்கக் கோளாறு.

ஆகவே 5.4 லிட்டரோடு இருந்திருந்தால் 24 மணி தாங்கியிருக்கும் என்று நினைக்க வேண்டாம். 7 லிட்டர் பிரச்சினையைப் பெரிதாக்கியது, புதிதாகக் கொண்டுவரவில்லை. ஃபோர்ட் லெ மானுக்கு நான்கு மார்க் 4 கார்களைக் கொண்டுபோகும், கூடவே மார்க் 2-க்களும் வரும். ஒன்று போனால் அடுத்தது. மிட்லண்டிலிருந்து வந்தவர்களுக்கு அந்த வசதி கிடையாது. பல பந்தயங்களுக்கு ஒரே காரோடுதான் ஐரோப்பா வந்தார்கள்.

---

அச்சாணி எழுதியது:

ரொம்ப நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் விங்? உயரமான இரண்டு தூணில் அவ்வளவு பெரிய பலகை. அதன் சுமையும் பின்னால்தானே இறங்குகிறது. ஷாஃப்ட், டிரான்ஸ்மிஷன் தொல்லைக்கு அதுவும் ஒரு காரணமா? மாடலுக்கான கோணமும் இன்னும் பாக்கி.

---

டாக்_கியர் எழுதியது:

மறைமுகமாக, ஆம். டயருக்குப் பிடிப்பு இல்லாவிட்டால் சக்கரம் வழுக்கும், அந்த வழுக்கலே ஷாஃப்ட்டுக்குப் பாதுகாப்பு. விங் டயரைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டால் முழு டார்க்கும் ஷாஃப்ட் வழியாகத்தான் போயாக வேண்டும். பிடிப்பு கூடினால் இயக்கப் பகுதி அடிவாங்கும். இது எல்லாப் பந்தயக் காருக்கும் பொது.

ஆனால் விங் சுமை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அழுத்தியது என்று எங்காவது படித்திருந்தால் நம்ப வேண்டாம். அதை விளக்கமாகச் சொல்ல வேண்டியவர் பின்சக்கரம் அண்ணா.

---

பின்சக்கரம் எழுதியது:

சொல்கிறேன். மாடல் கட்டுகிறவருக்கு இதுதான் முக்கியமான இடம்.

தூண்கள் இரண்டும் உடலோடு சேரவில்லை. பின்பக்க உடலில் உள்ள துளை வழியாகக் கீழே இறங்கி, சக்கர ஹப்பைத் தாங்கும் பாகத்தில் நேராகப் பூட்டப்பட்டவை. 1966 செப்டம்பரில் பிரிட்ஜ்ஹாம்ப்டன் கான்-ஆம் (வட அமெரிக்கத் திறந்த கார் தொடர்) பந்தயத்தில் வந்த 2இ-யில் தொடங்கிய ஏற்பாடு இது. 2எஃப் அதையே கூரை போட்ட காருக்குக் கொண்டுவந்தது. விங்கின் அழுத்தம் ஸ்பிரிங்கைத் தொடாமல் டயருக்கே போகிறது. உடலில் பூட்டியிருந்தால் வேகம் ஏற ஏறப் பின்பக்கம் அழுந்தி மூக்கு தூக்கும். அதைத் தடுக்க ஸ்பிரிங்கை விறைப்பாக்க வேண்டும், விறைத்தால் நூர்பர்க்ரிங் மாதிரி குலுக்கும் பாதையில் டயர் தரையை விட்டுத் துள்ளும். ஷாப்பரலில் மெத்தென்ற ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தது.

இதற்கு விலை, சக்கரம் துள்ளும் ஒவ்வொரு துள்ளலும் தூண் வழியாக விங் வரைக்கும் போகும். பலகை கனமாக இருந்தால், தூண் மெலிதாக இருந்தால் உலோகம் களைத்து விரிசல் விடும். ஷாப்பரலைப் பார்த்து 1968-ல் ஃபார்முலா 1 அணிகள் உயர விங் வைத்தன. 1969 மே மாதம் பார்சிலோனா மோன்யுயிக்கில் இரண்டு லோட்டஸ் கார்களின் விங் ஒரே பந்தயத்தில் உடைந்தது. அதே மாதம் மொனாக்கோவில் தடை வந்தது.

இப்போது கோணம். ஓட்டுநரின் இடது காலுக்கு ஒரு பெடல். கிளட்ச் இல்லாததால் அந்த இடம் காலி என்று மேலே சொன்னார்களே, அங்கேதான். பெடலை மிதித்தால் விங் படுக்கும், காற்றுத் தடை குறையும். நேர்ப்பாதையில் கால் அதன்மேலேயே இருக்கும். வளைவு வந்ததும் இடது கால் பெடலை விட்டுப் பிரேக்குக்குப் போகிறது. விட்ட கணமே விங்கின் முன்விளிம்பு கீழே இறங்கி அழுத்தம் கொடுக்கும் நிலைக்கு வரும். பிரேக் போடும் நேரத்தில் விங் பின்பக்கத்தை அழுத்திப் பிடிக்கும், காற்றை எதிர்த்து நின்று வேகத்தையும் கொஞ்சம் குறைக்கும். ஓட்டுநர் தனியாக நினைத்துச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. இந்தக் காரில் எனக்குப் பிடித்த விஷயம் டிரான்ஸ்மிஷனும் இல்லை, என்ஜினும் இல்லை, இதுதான்.

ஆக, யாரும் பெடலை மிதிக்காமல் நிற்கும் காரில் விங் அழுத்தும் நிலையில்தான் இருக்கும்: முன்விளிம்பு தாழ்ந்து, பின்விளிம்பு உயர்ந்து. பிட்டில், கண்காட்சியில், உங்கள் மேசையில் எல்லாம் அப்படியே வையுங்கள். படுத்த விங்கோடு நீங்கள் பார்த்த படங்கள் நேர்ப்பாதையில் ஓடும்போது எடுத்தவையாக இருக்கும்.

லெ மானில் அந்த இயக்கம் கெட்டு விங் அழுத்தும் நிலையிலேயே நின்றுபோனது. ஏறக்குறைய 6 கிலோமீட்டர் முல்சான் நேர்ப்பாதையில் தடை முழுவதையும் இழுத்துக்கொண்டு போனார்கள். மேல்வேகம் போனது, கார் நிலைகுலையவில்லை. இதே கோளாறு தலைகீழாக நடந்திருந்தால், அதாவது படுத்த நிலையில் மாட்டிக்கொண்டிருந்தால், முல்சான் முடிவில் வலது வளைவில் பின்பக்கம் கையை விட்டுப் போயிருக்கும். மிதித்தால் படுக்கும், விட்டால் அழுத்தும் என்று வைத்ததில் அந்த யோசனையும் இருக்கிறது.

பிராண்ட்ஸ் ஹாட்சுக்கு இது ஏன் பொருந்தியது என்பதும் இதில் தெரியும். ஒரு சுற்று 4.3 கிலோமீட்டருக்குள். நீண்ட நேர்ப்பாதை கிடையாது, ஏற்ற இறக்கமும் வளைவும்தான். விங் ஒவ்வொரு வளைவிலும் சம்பாதித்தது, டிரான்ஸ்மிஷன் ஆறு மணி நேரம் மட்டும் தாங்கினால் போதும் என்றிருந்தது. இரண்டாவது வந்த ஆமன், ஸ்டீவர்ட் ஃபெராரி பி4 அந்த இடத்தை வைத்தே போர்ஷேயை முந்தி அந்த வருட சாம்பியன் பட்டத்தை எடுத்துக்கொண்டது. பில் ஹில்லுக்கு அதுதான் கடைசிப் பந்தயம்.

---

மழைடயர் எழுதியது:

ஷாப்பரல் அணிக்கும் ஐரோப்பாவில் அதுதான் கடைசி. 1968 முதல் புரோட்டோடைப் என்ஜினுக்கு 3 லிட்டர் எல்லை. 5 லிட்டர் வரை போக வேண்டுமானால் 50 கார் கட்டியிருக்க வேண்டும். 7 லிட்டருக்கு இடமே இல்லை. கியர்பாக்ஸைச் சரிசெய்து இன்னொரு வருடம் வந்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். சரிசெய்து எங்கே ஓட்டுவது?

---

டாக்_கியர் எழுதியது:

மாடலுக்குச் சில குறிப்புகள், மேலே வராதவை மட்டும்.

ரேடியேட்டர் மூக்கில் இல்லை. பின்சக்கரத்துக்கு முன்னால் இரண்டு பக்கவாட்டிலும் இருக்கிறது. அதனால் பக்கத் திறப்புகளை வெறும் கருப்புப் பெயின்ட்டால் மூடாமல் உள்ளே சல்லடை வைத்துவிடுங்கள், வெள்ளை உடலில் அது பளிச்சென்று தெரியும். மூக்கில் இருக்கும் திறப்பு காற்றை மேலே விட்டு முன்பக்கத்தை அழுத்துவதற்கு. அதன் கதவு விங்கோடு சேர்ந்து இயங்கும். விங் அழுத்தும் நிலையில் இருந்தால் மூக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். விங்கைச் சரியாக வைத்துவிட்டு இதை மூடி வைக்கிறவர்கள் நிறைய.

2டி-யின் கூரைமேல் நின்ற காற்றுக் குழாயை இதில் வைக்காதீர்கள். அது 1966 நூர்பர்க்ரிங் கார்.

தூண்களை உடலில் பசை போட்டு ஒட்டினால் துளையைச் சுற்றி இடைவெளி மறைந்துவிடும். உண்மைக் காரில் தூண் சக்கரத்தோடு மேலும் கீழும் போக வேண்டும், அதனால் துளை தூணைவிடப் பெரிது. 1/24-ல் ஒரு பக்கத்துக்கு அரை மில்லிமீட்டராவது விடுங்கள், தூணை அடியில் ஹப் துண்டில் மட்டும் ஒட்டுங்கள். பசை காயும் வரை விங்கைத் தலைகீழாக மேசையில் வைத்துக் காரை மேலே நிறுத்தினால் இரண்டு தூணும் ஒரே உயரத்தில் நிற்கும்.

டயரில் ஃபயர்ஸ்டோன் எழுத்து. காரை நேரில் பார்க்கும் வாய்ப்பு யாருக்காவது இருந்தால், மிட்லண்டில் பெட்ரோலியம் அருங்காட்சியகத்தில் 2எஃப் நிற்கிறது. பின்பக்கத்தைக் குனிந்து பார்த்து, தூண் ஹப்பில் சேரும் இடத்தை அருகில் நின்று படம் எடுத்து இங்கே போட்டால் எல்லாருக்கும் உதவும். இணையத்தில் கிடைப்பவை எல்லாம் தூரத்திலிருந்து எடுத்தவை.